ஐந்து நட்சத்திரமும் இருபத்தைந்து வருஷமும்

டைம்ஷேர் மெம்பர்ஷிப்புக்குக் கையெழுத்துப் போடுமுன் எல்லோரும் இணையத்தில் ரிவ்யூ பார்க்கிறார்கள். அந்த அபிப்பிராயங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. புனேயிலிருந்து அஹில்யாநகர் (பழைய அகமதுநகர்) செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஹோட்டல் ஒன்றின் ஏ.சி. மண்டபத்தில் வட்ட மேஜைகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன; மேஜைக்கு ஒரு தம்பதி, தம்பதிக்கு ஒரு டை கட்டிய இளைஞர். பேசுகிறவர் குரல் பக்கத்து மேஜைக்குக் கேட்காதபடி ஹிந்திப் பாட்டு உரக்க ஒலிக்கிறது. அவ்வப்போது பாட்டு நின்று, இன்னார் நம் குடும்பத்தில் சேர்ந்துவிட்டார் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது. ஊழியர்கள் எல்லோரும் எழுந்து கை தட்டுகிறார்கள். ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வேலை, வாகோலியில் வாடகை வீடு, ஆறாம் வகுப்பில் ஒரு பையன் என்று வாழும் தமிழ்த் தம்பதி ஒன்றும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. மால் வாசலில் கார் குலுக்கலுக்கென்று கூப்பன் பூர்த்தி செய்ததன் பலன் அது. மூன்று இரவுத் தங்கல் இலவசமாம். ஆனால் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்தால்தான் கிடைக்குமாம்.

"ஏங்க, இவ்வளவு பணம் கேக்கறாங்களே, நெட்ல என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை பாருங்களேன்" என்று மனைவி தாழ்ந்த குரலில் சொல்கிறாள். கணவர் போனை எடுத்துப் பார்க்கிறார். நாலரை நட்சத்திரம். "அருமையான அனுபவம்", "குடும்பத்துடன் மகிழ்ச்சி", "விளக்கிச் சொன்ன ஊழியருக்கு நன்றி". விரலால் சற்றுக் கீழே தள்ளினால் "மோசடி", "பணம் போச்சு", "யாரும் சேராதீர்கள்". இதற்குள் அடுத்த மேஜையிலிருந்து இன்னொரு இளைஞர் எழுந்து வந்து, "நம்ம ஊரா சார்? எனக்கும் மதுரைப் பக்கந்தான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

இந்தத் தம்பதிக்குப் பெயர் வைக்கவில்லை. இக்காட்சி ஒரு நாள் ஒருவருக்கு நேர்ந்ததன்று. எந்த ஞாயிறும் எந்த நகரிலும் நடப்பது, இதைப் படிக்கிறவர்களில் பலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்களாகவே இருப்பார்கள். அந்தப் போன் திரையில் தெரிந்த சாட்சியங்களின் யோக்கியதையைத்தான் இங்கே விசாரிக்கப் போகிறோம்.

விற்கப்படுவது என்ன?

1960-களில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைப் பிரதேசத்தில், விடுமுறை வீடு ஒன்றை வருஷத்தில் ஒரு வாரம் அனுபவிக்கும் உரிமையை மட்டும் விற்பது என்று தொடங்கிய வியாபாரம் இது. ஓர் ஊரில் வாங்கிய வாரத்தை வேறோர் ஊரில் மாற்றிக்கொள்ளும் வசதியை ஏற்படுத்திய ஆர்.சி.ஐ. ஸ்தாபனம் 1974-ல் அமெரிக்காவில் பிறந்தது. நம் நாட்டில் சென்னையிலிருந்து 1986-ல் கிளம்பிய ஸ்டெர்லிங்கும், 1996-ல் ஆரம்பமான மஹிந்திரா ஹாலிடேஸும் இந்த வியாபாரத்தை நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தன. முதலில் லட்சக் கணக்கில் ஒரு தொகை, பிறகு ஆண்டுதோறும் பராமரிப்புச் சந்தா, அதற்குப் பிரதியாகப் பத்து முதல் இருபத்தைந்து வருஷம் வரை ஆண்டுக்கு ஒரு வாரத் தங்கல். சரித்திரம் இவ்வளவு போதும்.

கவனிக்க வேண்டியது அந்த இருபத்தைந்து வருஷம் என்ற காலக்கெடுவை. குக்கர் வாங்கியவன் ஒரு மாதத்தில் அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாம். அது நியாயமான சாட்சியமே. கால் நூற்றாண்டு நீடிக்கப் போகும் ஓர் ஒப்பந்தத்தைப் பற்றி, அதில் சேர்ந்த இரண்டாம் நாள், மேஜையின் எதிரே விற்றவர் உட்கார்ந்திருக்க, பரிசுக் கூப்பன் கைக்கு வருவதற்கு முன் ஒருவர் எழுதும் ஐந்து நட்சத்திரம் எதற்குச் சாட்சி? அவர் பொய் சொல்லவில்லை. காபி சூடாக இருந்தது, ஊழியர் மரியாதையாகப் பேசினார், இவை மெய். ஆனால் அந்த மெய்க்கும் 2041-ம் வருஷத்துச் சந்தாத் தொகைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

ஆகவே 'இந்த ரிவ்யூ போலியா, அசலா?' என்ற கேள்வியோடு நின்றுவிடுவதால் பாதி வேலைதான் முடிகிறது. எழுதியவர் ஒப்பந்தத்தின் எத்தனையாவது வருஷத்தில் நின்றுகொண்டு எழுதுகிறார் என்பதே அதைக் காட்டிலும் பெரிய கேள்வி. ரிசார்ட்டில் இரண்டு இரவு தங்கிய விருந்தாளி, அறையையும் நீச்சல் குளத்தையும் பற்றி ஹோட்டல் தளத்தில் எழுதியதைக்கூட மெம்பர்ஷிப்புக்கான நற்சாட்சிப் பத்திரமாக எண்ணிவிடுகிறோம். அவர் அங்கத்தினரே அல்லாமல், அன்றைய வாடகையைக் கொடுத்துத் தங்கியவராக இருக்கலாம். ரிசார்ட் நன்றாக இருப்பது வேறு. அது நாம் கேட்கும் தேதியில் நமக்குக் கிடைப்பது வேறு.

பாணேரில் ஒரு சாலை

புனே நகரத்தின் பாணேர் பகுதியில் 'பான்கார்டு கிளப் ரோடு' என்று ஒரு சாலை உண்டு. டாக்சிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், கொண்டுபோய் விடுவார். அந்தப் பெயருக்குரிய பான்கார்டு கிளப்ஸ் லிமிடெட், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்தாபனம். ஹோட்டல் அறை இரவுகளை முன்கூட்டியே விற்பது அதன் தொழில். இரவுகளை அனுபவிக்காமல் விட்டால், தவணைக் கால முடிவில் கட்டியதற்கு மேல் ஒரு தொகை திரும்பக் கிடைக்கும் என்ற ஆசைதான் அதன் ஆகர்ஷண சக்தி. லட்சக்கணக்கான மகாராஷ்டிரக் குடும்பங்கள் இதில் பணம் கட்டின.

இங்கேதான் நம் விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது. பான்கார்டில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் முகம் தெரியாத யாரோ எழுதிய வாக்கியத்தை நம்பிச் சேரவில்லை. ஏஜென்டாக வந்தவர் மைத்துனர். அல்லது ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர். அல்லது ஹவுசிங் சொஸைட்டியின் காரியதரிசி. அவர்கள் தங்கள் பணத்தையும் கட்டியிருந்தார்கள். முதல் தவணை முடிந்து பணம் கைக்கு வந்ததையும் கண்ணால் கண்டிருந்தார்கள். நம்முடைய தர்க்க சாஸ்திரத்தில் ஆப்த வாக்கியம் என்று ஒரு பிரமாணம் சொல்வதுண்டு: விஷயத்தை அறிந்தவனாகவும் வஞ்சனை இல்லாதவனாகவும் உள்ள ஒருவனுடைய சொல். அந்த மைத்துனரிடம் வஞ்சனை இல்லை. ஆனால், தமக்கு வந்த பணம் அறை வாடகையிலிருந்து வந்ததா, தமக்குப் பின்னால் சேர்ந்தவர் கட்டியதிலிருந்து வந்ததா என்பதை அவர் அறியார். அறியும் வழியும் அவருக்கு இல்லை. நாணயமான மனிதர், மெய்யான அனுபவம், மனப்பூர்வமான சிபாரிசு. இத்தனையும் சேர்ந்தே ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிட முடிந்தது.

[பெட்டிச் செய்தி: பான்கார்டு வழக்கு]

பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி, 2014 ஜூலை இறுதியில் பிறப்பித்த உத்தரவில், பான்கார்டு நடத்துவது அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று கூறிப் புதிதாகப் பணம் திரட்டத் தடை விதித்தது. திரட்டப்பட்ட தொகை ஏறக்குறைய 7,035 கோடி ரூபாய். கட்டியவர்கள் 51 லட்சம் பேருக்கு மேல். 2016 பிப்ரவரியில் பணத்தைத் திருப்பித் தரும்படி இறுதி உத்தரவு பிறந்தது. மேல்முறையீடு 2017-ல் தள்ளுபடியாயிற்று. சொத்துக்களை ஏலம் விடும் முயற்சிகளுக்குப் பின், 2022-ல் ஸ்தாபனம் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. 'விடுமுறைத் திட்டம்' என்ற பெயரில் பணம் திரட்டிய ராயல் ட்விங்கிள் ஸ்டார் கிளப் மீதும் செபி 2015-ல் இதே போன்ற உத்தரவைப் பிறப்பித்தது.

எல்லா டைம்ஷேரும் பான்கார்டு அல்ல என்பதை உடனே சொல்லிவிட வேண்டும். தங்கலை மட்டும் விற்று, லாபம் தருவதாகச் சொல்லாத ஸ்தாபனங்கள் செபியின் கூட்டு முதலீட்டுத் திட்ட விதிகளுக்குள் வருவதில்லை. அவற்றில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு வருஷா வருஷம் கணக்குக் காட்டுகிறவையும் உண்டு. ஆனால் சாட்சியத்தை எடை போடும் முறையில் இரண்டுக்கும் பேதமில்லை. 'போகாவிட்டாலும் பணம் திரும்ப வரும்', 'விலை ஏறும், விற்றுக்கொள்ளலாம்' என்று ஒரு ரிவ்யூவிலோ விற்பனை மேஜையிலோ கண்ணில் பட்டால், நட்சத்திரம் எத்தனை என்று எண்ண வேண்டிய அவசியமே இல்லை. அங்கே எழுந்து வந்துவிடலாம்.

மெய்யான அபிப்பிராயம், வேறொருவருடைய லீவு

பெரிய ஸ்தாபனங்கள் வருஷத்தைப் பருவங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மஹிந்திராவில் அவற்றுக்கு ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறப் பெயர். உச்சப் பருவத்துக்கு விலை அதிகம். மந்தப் பருவத்துக்குக் குறைவு. குறைந்த பருவத்தை வாங்கியவர் உச்சப் பருவத்துத் தேதியை உரிமையோடு கேட்க முடியாது. இனி, 'கேட்ட போதெல்லாம் அறை கிடைத்தது' என்று ஒருவர் எழுதியிருப்பதைப் படியுங்கள். எந்த நிறம் வாங்கினார்? ஓய்வு பெற்றவரா? ஜூலை மழையில், செவ்வாய்க்கிழமையில், மகாபலேஷ்வர் போகக் கூடியவரா?

ரஞ்சன்காவ் தொழிலாளியின் லீவு அப்படிப்பட்டதன்று. அதிலும் தமிழ்க் குடும்பத்தின் லீவுக் கணக்கு இன்னும் நெருக்கடியானது. மே மாதம் பள்ளி விடுமுறை என்றால் திருநெல்வேலிக்கோ சேலத்துக்கோ ரயில் ஏறியாக வேண்டும். அம்மா அப்பா காத்திருப்பார்கள். தீபாவளிக்கு முடிந்தால் ஊர். பொங்கலுக்குக் கிடைக்கும் இரண்டு நாளும் ஊருக்கே. தங்கச்சி கல்யாணம், குலதெய்வத்துக்கு முடி இறக்குதல் என்று போக, ஊர் சுற்ற மிஞ்சுவது கணபதி உற்சவத்தை ஒட்டிய ஒரு சனி ஞாயிறும், டிசம்பர் கடைசி வாரமும். அந்த நாட்களைத்தான் மகாராஷ்டிரமே கேட்கிறது. ஆகவே ஓய்வு பெற்ற பெரியவர் மனதார எழுதிய ஐந்து நட்சத்திரம், நம் தொழிலாளியின் வாழ்க்கையில் இரண்டு நட்சத்திரமாகக் குறைந்துவிடுகிறது. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

(ரஞ்சன்காவ் என்றதும் நினைவுக்கு வருவது தொழிற்பேட்டை மட்டுமா? அஷ்ட விநாயகத் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில் அந்த நெடுஞ்சாலையின் மேல்தான் இருக்கிறது. திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவபெருமான் கணபதியை முதலில் வணங்காமையால் காரியம் கைகூடாமல், பிறகு வணங்கி வென்ற இடம் என்பது அங்கே ஐதிகம். அதே கதைக்குத் தேரின் அச்சு முறிந்த இடமாக நாம் செங்கற்பட்டை அடுத்த அச்சிறுபாக்கத்தைக் காட்டுகிறோம். சனி ஞாயிறு யாத்திரைக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால், சந்தா இல்லாமலே லீவைக் கழிக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் அநேகம் என்று தோன்றும்.)

இன்னொரு எளிய கணக்கு, ஆயிரம் ரிவ்யூக்களைக் காட்டிலும் உறுதியானது. ஓர் அறைக்கு வருஷத்தில் 52 வாரங்கள்தான். பட்டியலிடப்பட்ட ஸ்தாபனமாக இருந்தால் ஆண்டறிக்கையில் அங்கத்தினர் எத்தனை பேர், அறைகள் எத்தனை என்று அச்சிட்டிருப்பார்கள். முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு வாரம் என்ற திட்டத்தில் விடை 52-க்கு மேல் போனால், எல்லோரும் ஒரே வருஷத்தில் போக நினைத்தால் இடம் கிடையாது. சிலர் போகாமல் இருப்பதை நம்பித்தான் திட்டம் நடக்கிறது. உச்ச வாரங்கள் வருஷத்தில் பத்தோ பன்னிரண்டோ என்று வைத்துக்கொண்டால் நெருக்கடி எவ்வளவு என்பதைப் பென்சிலும் காகிதமும் சொல்லிவிடும்.

[பெட்டிச் செய்தி: ஓர் இரவின் விலை]

உதாரணத்துக்கு மெம்பர்ஷிப் 4 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 4,72,000. இத்தொகையை 7 சதவீத வட்டியில் பாங்கில் போட்டால் வருஷத்துக்கு 33,040 ரூபாய். ஆண்டுச் சந்தா 20,000 என்றால் இரண்டும் சேர்ந்து 53,040. வருஷத்தில் 7 இரவு தவறாமல் தங்கினாலும் ஓர் இரவுக்கு 7,577 ரூபாய் ஆகிறது. சாப்பாடும் பயணமும் தனி. ஒரு வருஷம் போகாமல் விட்டால் அடுத்த வருஷத்து இரவின் விலை ஏறுகிறது. பாங்கில் இருந்தால் 4,72,000 ரூபாய் கடைசியிலும் உங்களுடையதே. இங்கே காலக்கெடு முடியும்போது அது இல்லை. கடைக்காரர் சொல்லும் தொகைகளை இந்த இடங்களில் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பொய்யின் அளவு

சுத்தப் பொய்யாக எழுதப்படும் ரிவ்யூக்களின் விஷயத்துக்கு வருவோம். 2017-ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர், தம் வீட்டுக் கொல்லையில் இருந்த கொட்டகையை உணவகம் என்று ட்ரிப்அட்வைசரில் பதிவு செய்து, நண்பர்களைக் கொண்டு பொய் ரிவ்யூ எழுதச் சொல்லி, ஒரு வேளை சாப்பாடுகூடப் பரிமாறாமலே அதை லண்டனின் முதலிடத்துக்கு ஏற்றிக் காட்டினார். மறு வருஷம் இத்தாலியில் லெச்சே நகர நீதிமன்றம், ஹோட்டல்களுக்குப் பொய் ரிவ்யூ விற்ற ஒருவருக்கு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

வேடிக்கைக் கதைகளை விட்டு ஆராய்ச்சியைப் பார்த்தால் நமக்குப் பிரயோஜனமான விஷயம் ஒன்று கிடைக்கிறது. டினா மேஸ்லின் முதலிய மூவர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், யார் வேண்டுமானாலும் எழுதக் கூடிய ட்ரிப்அட்வைசரையும், தங்கியவர் மட்டுமே எழுத முடிந்த எக்ஸ்பீடியாவையும் வைத்து, அதே ஹோட்டல்களுக்கு இரண்டிலும் வந்த மதிப்பீடுகளை ஒப்பிட்டார்கள். பக்கத்தில் போட்டிக் கடை உள்ள ஹோட்டல்களுக்கு, யாரும் எழுதலாம் என்ற தளத்தில் வசை கூடுதல்; சிறு உரிமையாளர்களின் தனி ஹோட்டல்களுக்கு அங்கே புகழ் கூடுதல். காசு கட்டியவர்தான் எழுதுகிறார் என்று சோதிக்கும் தளத்துக்கும் சோதிக்காத தளத்துக்கும் உள்ள இந்தப் பேதம் டைம்ஷேரில் இன்னும் கூர்மையாகிறது. அங்கத்தினர் எண்ணைச் சரிபார்த்து ரிவ்யூ வாங்கும் வசதி பொதுத் தளங்களில் இல்லையே! பாஸ்டன் நகர உணவகங்களைப் பற்றி யெல்ப் தளத்தில் வந்தவற்றை லூகா, ஸெர்வாஸ் என்ற இருவர் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 16 சதவீதத்தைத் தளத்தின் வடிகட்டியே சந்தேகத்துக்குரியவை என்று ஒதுக்கியிருந்தது தெரிந்தது. அவை பெரும்பாலும் ஒன்று, அல்லது ஐந்து என்று இரு கோடிகளிலேயே நின்றன.

அனுபவஸ்தர்கள் கண்டுபிடிக்கும் அடையாளங்கள் சில உண்டு. விற்பனை ஊழியரின் பெயரைக் குறிப்பிட்டு நன்றி சொல்பவை அநேகமாக அந்த மேஜையிலேயே எழுதப்பட்டவை. ஒரே வாரத்தில் குவிந்து, பிறகு மாதக் கணக்கில் மௌனமாக இருப்பவை, யாரோ மேலதிகாரி 'டார்கெட்' வைத்த வாரத்தைக் காட்டுகின்றன. அதற்கு மாறாக, சேர்ந்த வருஷத்தையும், அன்றைய சந்தாவையும், இன்றைய சந்தாவையும், கேட்டுக் கிடைக்காத தேதியையும் எண்களோடு எழுதுகிறவருடைய மூன்று நட்சத்திரம், அது புகழானாலும் பழியானாலும், நின்று படிக்கத் தகுந்தது. நாணயமாகக் கோபப்பட்டு எழுதியது சில சமயம் காணாமல் போவதும் உண்டு: பணத்தைத் திருப்பித் தருகிறோம், எழுதியதை நீக்கிவிடுங்கள் என்ற சமரசம் அது. ஆகவே புகார் குறைந்த ஸ்தாபனம் நல்ல ஸ்தாபனமாகவும் இருக்கலாம். புகாரை வாங்கிக்கொண்ட ஸ்தாபனமாகவும் இருக்கலாம்.

பழிப்பவரும் வியாபாரியே

ஐந்து நட்சத்திரத்தைச் சந்தேகிக்கப் பழகியவர்கள் ஒற்றை நட்சத்திரத்தை வேதவாக்காகக் கொள்கிறார்கள். எனக்கு இது அதைவிட அபாயமாகத் தோன்றுகிறது. 'நானும் ஏமாந்தேன், இன்னாருடைய உதவியால் என் பணம் முழுவதும் திரும்பக் கிடைத்தது' என்று கீழே ஒரு போன் நம்பரோடு வரும் ரிவ்யூவை நினைத்துப் பாருங்கள். மெம்பர்ஷிப்பை விற்றுத் தருகிறோம், அதற்கு முதலில் வரியும் பதிவுக் கட்டணமும் கட்டுங்கள் என்பது உலகம் முழுவதும் நடக்கும் இரண்டாம் கொள்ளை. மெக்ஸிகோவின் புவெர்ட்டோ வயார்ட்டாவில், டைம்ஷேர் வைத்திருந்த அமெரிக்க முதியவர்களை இவ்வாறு ஏய்த்த கம்பெனிகள் ஹலிஸ்கோ போதைக் கும்பலோடு தொடர்புடையவை என்று கூறி, 2023-ல் அமெரிக்க நிதித் துறை தடை விதித்தது. நொந்தவனுடைய பட்டியல் திருடனுக்குப் பொக்கிஷம். கோபத்தில் ரிவ்யூ எழுதும்போது ஒப்பந்த எண்ணையும் போன் எண்ணையும் சேர்த்து எழுதுகிறவர்கள் அந்தப் பட்டியலைத் தாங்களே தயாரித்துக் கொடுக்கிறார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. ரிவ்யூ எழுதுபவர் யார் என்று சோதிக்க வேண்டும், நல்லதை மட்டும் பொறுக்கி வெளியிடக் கூடாது என்பவை அதன் சாரம். ஆயினும் அதைத் தளங்கள் தாமாக ஏற்றுக்கொண்டால் உண்டு என்ற நிலையிலேயே அது பிறந்தது. கட்டாயமாக்கலாம் என்று 2024-ல் மத்திய அரசு ஆலோசனை நடத்தியது. அதே வருஷம் அமெரிக்காவில் பொய் ரிவ்யூ விற்பதற்கும் வாங்குவதற்கும் அபராதத்தோடு தடை வந்தது. டைம்ஷேருக்கென்று ஐரோப்பாவில் தனிச் சட்டம் இருக்கிறது: கையெழுத்துப் போட்ட பின் 14 நாள் யோசிக்க அவகாசம், அதற்குள் ஒரு காசு முன்பணம் வாங்கக் கூடாது. நமக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் துணை. வியாபாரியே வாடிக்கையாளர் வேஷத்தில் ரிவ்யூ எழுதுவதை 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகள் தடுக்கின்றன. ஆனால் ஹோட்டல் மண்டபத்தில் ஊழியர் வாங்கும் ஐந்து நட்சத்திரத்தை யார் போய்ப் பிடிப்பது?

சட்டம் தரும் பெரிய அனுகூலம் வேறோர் இடத்தில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையங்களின் தீர்ப்புகள் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளன. ஸ்தாபனத்தின் பெயரைக் கொடுத்துத் தேடலாம். அவற்றில் வழக்குப் போட்டவர் காசு கட்டியவர் என்பது ரசீதோடு நிரூபிக்கப்பட்டது. எதிர்த்தரப்பின் பதிலும் கேட்கப்பட்டது. வாய்மொழியில் என்ன வாக்களித்தார்கள், அச்சில் என்ன இருந்தது என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. இவ்வளவு சோதனைக்கு உட்பட்ட ரிவ்யூ வேறெங்கே கிடைக்கும்? நாலு தீர்ப்பைப் படித்தால், எந்த வாக்குறுதி திரும்பத் திரும்பப் பொய்த்தது என்பது தெரிந்துவிடும். நட்சத்திரங்கள் அதைச் சொல்வதில்லை.

கையெழுத்தை நேற்றுத்தான் போட்டுவிட்டு இன்று இதைப் படிக்கிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் முதலில் தேட வேண்டியது, ஒப்பந்தத்தில் ரத்து செய்துகொள்ளும் அவகாசம் பற்றிய ஷரத்து. சில ஸ்தாபனங்கள் பத்து நாள் தருகின்றன. நாள் எண்ணத் தொடங்குவது எப்போதிலிருந்து என்பதையும் பார்க்க வேண்டும். 'மேனேஜரிடம் பேசிவிட்டு நாளைக் கூப்பிடுகிறோம்' என்ற போன் பதில்களில் அந்த நாட்கள் கரைந்துவிடும். ஆகவே ஈ-மெயிலும் ஸ்பீட் போஸ்ட் தபாலும் அதே நாளில் போக வேண்டும். அவகாசம் கடந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலன் இல்லையேல் மாவட்ட ஆணையம்: கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம் என்று எழுதியிருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரிவ்யூ எழுதுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.